பழைய மோட்டார் வாங்கி ஃப்ளாட் டிராக் ஓட்டுவது: கோலாலம்பூரில் தொடங்குபவர்களுக்கு

ஃப்ளாட் டிராக் என்பது மோட்டார் சைக்கிள் பந்தயம். செம்மண்ணை இறுக்கிச் சமன்செய்த முட்டை வடிவப் பாதை. மேடில்லை, பள்ளமில்லை, தாவல் இல்லை. எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள், ஆகவே எல்லா வளைவும் இடப்பக்கம்தான். வளைவுக்குள் பின்சக்கரம் வெளியே சறுக்கும், ஹேண்டில் வலப்பக்கம் திரும்பி நிற்கும், இரும்பு கட்டிய இடது கால் தரையை உரசிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1954 முதல் தேசியத் தொடராகவே நடந்துவரும் பந்தயம் இது. உலகச் சாம்பியன்கள் கென்னி ராபர்ட்ஸ், நிக்கி ஹேடன் இருவரும் இந்த மண்ணிலிருந்து தார்ச்சாலைப் பந்தயத்துக்குப் போனவர்கள். செப்பாங் மோட்டோஜிபியில் நாம் கைதட்டிய ரோஸியும் மார்க்கேஸும் பயிற்சிக்கு இதைத்தான் ஓட்டினார்கள்.

தாவல் இல்லாததால் புது மோட்டார் தேவையில்லை, பெரிய என்ஜினும் தேவையில்லை. முழுதாக இருக்கும் ஒரு பழைய சின்ன மோட்டார் போதும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்: கையிலிருக்கும் பணம் முழுவதையும் மோட்டாரில் போட்டுவிட்டு, டயருக்கும் பூட்ஸுக்கும் கடன் கேட்பார்கள். கையில் 100 வெள்ளி இருந்தால் 60 வெள்ளியை மோட்டாருக்கு ஒதுக்குங்கள். மிச்சம் 40 எங்கே போகும் என்பது கீழே வருகிறது.

எந்த மோட்டார்

உள்ளூர் விளம்பரங்களில் கண்ணில் படுபவை நான்கு வகை.

முதலாவது, 150 சிசி ஸ்கிராம்ப்ளர், அதாவது மண் பாதையிலும் ஓடும் மோட்டார். கவாசாக்கி கேஎல்எக்ஸ் 150 இதற்கு நல்ல உதாரணம். 144 சிசி, காற்றில் குளிரும் என்ஜின், கார்புரேட்டர். ரேடியேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எந்தத் தாமான் மோட்டார் கடையிலும் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார். புதிதாகத் தொடங்குகிறவர் வாங்க வேண்டியது இதுதான், அல்லது இதைப் போன்ற ஒன்று. வாங்கும் முன் சக்கர அளவைப் பாருங்கள். சில மாடல்களில் முன்னால் 21, பின்னால் 18 அங்குலம். சிலவற்றில் 19, 16. பிறகு டயர் தேடும்போது இது பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, 250 சிசி சாலை ஸ்கிராம்ப்ளர்: கேஎல்எக்ஸ் 250, ஹோண்டா சிஆர்எஃப் 250எல் மாதிரி. நல்ல என்ஜின், ஆனால் கனம். விழுந்த மோட்டாரை வெயிலில் மூன்று தடவை தூக்கினால் அந்தக் கனம் தெரியும்.

மூன்றாவது, 450 சிசி மோட்டோகிராஸ், அதாவது மேடும் தாவலும் உள்ள மண் பாதைக்கான போட்டி மோட்டார்: சிஆர்எஃப் 450ஆர், ஒய்இசட் 450எஃப், கேஎக்ஸ் 450எஃப், கேடிஎம் 450. உலகெங்கும் ஃப்ளாட் டிராக் ஓட்டுகிறவர்கள் இவற்றைத்தான் தாழ்த்தி, 19 அங்குலச் சக்கரம் மாட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் இவை மணிக்கணக்கு பார்த்துப் பராமரிக்க வேண்டிய என்ஜின்கள். பிஸ்டனையும் ரிங்கையும் கிலோமீட்டரை வைத்து மாற்றுவதில்லை, ஓடிய மணி நேரத்தை வைத்து மாற்றுகிறார்கள். அதைச் செய்யாமல் ஓட்டி விற்ற மோட்டார் உங்கள் கையில் வந்து உடையும். அதோடு 150 மீட்டர் சுற்றில் 450இன் பாதி சக்தியைக்கூடப் பயன்படுத்த இடம் இருக்காது. ஒரு வருடம் சின்னதில் ஓட்டிவிட்டு இதற்கு வாருங்கள்.

நான்காவது, விளம்பரத்திலேயே ‘ஃப்ளாட் டிராக்கர்’ என்று போட்டிருக்கும் அழகான மோட்டார். அகன்ற ஹேண்டில், சின்ன சீட்டு, பக்கவாட்டில் நம்பர் பலகை. பெரும்பாலும் இது சாலை மோட்டாருக்குச் செய்த ஒப்பனை. சஸ்பென்ஷன் பழையது, சக்கரம் பழையது, அழகுக்கு மட்டும் கூடுதல் விலை. படம் எடுக்க நன்றாக இருக்கும்.

மோட்டாருக்கு முன்னால் காகிதம்

சாலையில் ஓடப் பதிவான மோட்டார் என்றால் கெரான், அதாவது பதிவுப் பத்திரம், இருக்க வேண்டும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் மோட்டாரில் பொறித்த எண்களோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். ஸ்கிராம்ப்ளரில் சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் கழுத்தின் வலப்பக்கம் இருக்கும். ஹேண்டிலை முழுதாக இடப்பக்கம் திருப்பி டார்ச் அடித்தால் தெரியும். எண்ணைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட், அரைத்த தடம், எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஏறியிறங்கிக் கிடப்பது: இதில் எது இருந்தாலும் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

‘சம்பூங் பாயார்’ என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். கடன் இன்னும் அவர் பெயரில், மோட்டார் சட்டப்படி நிதி நிறுவனத்துடையது, உங்களுக்குக் கிடைப்பது சாவி மட்டும். தவணை நின்றால் இழுத்துப் போக வருகிறவர்கள் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். கடன் தீர்ந்து, உரிமை மாற்றம் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) முடிந்த பிறகுதான் முழுப் பணம்.

‘சர்க்கிட் மட்டும் ஓட்டப் போகிறீர்கள், கெரான் எதற்கு?’ என்றும் கேட்பார்கள். இதில் இரண்டு விதம் உண்டு. சிஆர்எஃப் 450ஆர் போன்ற போட்டி மோட்டாருக்குக் கெரான் முதலிலிருந்தே கிடையாது. அது சாலைக்கு வராத மோட்டார். அதற்குப் பதிலாக இறக்குமதி செய்தவரின் சுங்கப் பத்திரமோ கடை ரசீதோ இருக்க வேண்டும், எண்கள் அதோடு பொருந்த வேண்டும். ஆனால் கேஎல்எக்ஸ் 150 மாதிரி சாலை மோட்டார் கெரான் இல்லாமல் விற்பனைக்கு வந்தால், திருட்டு, கட்டாத கடன் என்று ஏதோ ஒரு வில்லங்கம் பின்னால் இருக்கும். பாதி விலையாக இருந்தாலும் தொடாதீர்கள். எந்த வகையானாலும் விற்பவரின் மைகார்டு விவரத்தோடு கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அடுத்தவரும் இதையே கேட்பார்.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள். ‘வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை என்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை உங்களிடம் மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: டார்ச், 8, 10, 12 எம்எம் ஸ்பேனர்கள், வெள்ளைத் துணி, மோட்டாரைத் தூக்கி நிறுத்த ஒரு பெட்டி.

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். ஃபில்டர் அழுக்காக இருப்பது குற்றமில்லை. ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தில் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்து எடுங்கள். நம் ஊர் மண்ணுக்கு இதில் ஒரு வசதி உண்டு: செம்மண் தூள் வெள்ளைத் துணியில் உடனே காட்டிக் கொடுத்துவிடும். துணி சிவந்தால் என்ஜின் மண்ணைக் குடித்திருக்கிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர், வால்வ் உட்காரும் விளிம்பு எல்லாம் தேய்ந்திருக்கும். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் என்ஜின் மேல்பாதி வேலைக்கான பணத்தை விலையிலிருந்து கழியுங்கள்.

அடுத்து ஸ்டார்ட். குளிர்ந்த நிலையில் நாலைந்து உதைக்குள் பிடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங் தேய்மானம். கொஞ்ச நேரம் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப முறுக்கும் அந்த ஒரு நொடி மட்டும் புகை வந்தால் வால்வ் சீல். சீல் மலிவு, ரிங் அப்படியில்லை. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, உடனே திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரிலோ சூட்டிலோ பிடிக்க அடம்பிடித்தால் இன்டேக் வால்வின் இடைவெளி இறுகிப் போயிருக்கலாம். 2002 முதல் 2008 வரை வந்த சிஆர்எஃப் 450ஆரில் இது தெரிந்த வியாதி. டைட்டானியம் வால்வின் மேல்பூச்சு தேய்ந்ததும் வால்வ் மேலே ஏறிக்கொண்டே போகும். ஷிம் எனும் இடைவெளித் தகட்டை மாற்றி ஒரு முறை சமாளிக்கலாம், இரண்டாம் முறை வால்வையே மாற்ற வேண்டும்.

கம்ப்ரெஷன் மீட்டர் காட்டும் எண்ணை இந்த மோட்டார்களில் நம்ப முடியாது. ஸ்டார்ட் சுலபமாக ஆவதற்காக வைத்த டிகம்ப்ரஸர் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். 450 வாங்குகிறவர் பட்டறையில் லீக் டவுன் சோதனை கேளுங்கள்: சிலிண்டருக்குள் காற்றடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் கசிந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் பிரிக்க வேண்டியதுதான். காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுங்கள். சைலன்ஸரில் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் துளையில் வந்தால் ரிங்.

கிளட்சைச் சோதிக்க மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் போய்விட்டது.

இனி உடம்பு. ஏற்கெனவே ஃப்ளாட் டிராக் ஓடிய மோட்டாரா, எவ்வளவு ஓடியது என்பதை இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டாலே சொல்லிவிடலாம். விழுவது பெரும்பாலும் இடப்பக்கம். ஆகவே இடது ரேடியேட்டர் வளைந்து, இடது என்ஜின் மூடி கீறி, கிளட்ச் லீவர் மட்டும் புதிதாக இருக்கும். அழுத்தி மிதிப்பதெல்லாம் வலப்பக்கம். வலது கால்மிதி கொஞ்சம் தொங்கும், அது மாட்டிய இடத்தில் பிரேமின் பெயின்ட் பூட்ஸ் உரசி வெள்ளிபோல் மின்னும், சீட்டின் வலது விளிம்பு கிழிந்திருக்கும். ‘எப்போதோ ஒரு நாள் ஓட்டியது’ என்று விற்பவர் சொல்வதை இந்தத் தடங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தடம் இருப்பதாலேயே வேண்டாம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கால்மிதி பற்றவைப்புக்குப் பக்கத்திலும் ஹேண்டில் கழுத்துக்குப் பின்னாலும் டார்ச் அடித்து, பெயின்டுக்குள் மயிரிழை போலத் துருக்கோடு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடினால் அது விரிசல்.

என்ஜினுக்கு அடியில் பெட்டியை வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ‘டக்’கென்று நின்றால் கழுத்து பேரிங் குழி விழுந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங். சீட்டின் பின்முனையைத் தூக்கித் தூக்கி விட்டால் சஸ்பென்ஷன் அசைவதற்கு முன் கடகடக்கிறதா? அது லிங்க் பேரிங், கழுவிவிட்டுக் கிரீஸ் போடாததன் பலன். ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்றால் சரி, மொக்கையாகக் கேட்டால் தளர்ச்சி. மூன்று நான்கு ஸ்போக் வரிசையாக மொக்கையாக இருந்தால் அந்த இடத்தில் ரிம் அடிவாங்கியிருக்கும்.

கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே உதிரிப்பாக விலையைப் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். ‘குறைத்துக் கொடுங்கண்ணே’ என்று சும்மா கேட்பதைவிட, செயின் செட் இவ்வளவு, பேரிங் இவ்வளவு என்று கணக்கைக் காட்டினால் விலை சீக்கிரம் இறங்கும்.

வாங்கிய பின் மாற்ற வேண்டியவை

மோட்டோகிராஸ் டயரோடு ஓட்டத் தொடங்காதீர்கள். அதன் உயரமான கட்டைகள் இறுகிய மண்ணில் சறுக்கும், பிறகு திடீரென்று கவ்வும். அந்தக் கவ்வலில்தான் மோட்டார் நிமிர்ந்து ஓட்டுபவரை வலப்பக்கம் தூக்கி எறிகிறது. பாதையையும் உழுதுவிடும் என்பதால் பல இடங்களில் இந்த டயரை அனுமதிப்பதே இல்லை.

450 என்றால் முன்னும் பின்னும் 19 அங்குல ரிம். முன்னால் 2.50, பின்னால் 3.00 அங்குல அகலம் சரியாக வரும். டன்லப் டிடி3 முன்னால் 130/80-19, பின்னால் 140/80-19. மேக்சிஸ் டிடிஆர்-1 இன்னொரு தேர்வு. தாமான் கடைகளில் இவை தொங்கிக்கொண்டிருக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். டயர் வரக் காத்திருக்கும் வாரங்களையும் கணக்கில் சேருங்கள். சொந்த ஹப்பை வைத்துக்கொண்டு ரிம்மும் ஸ்போக்கும் மட்டும் மாற்றினால் செலவு குறையும். ஹப்பில் எத்தனை துளை என்று எண்ணிவிட்டு ரிம் வாங்குங்கள். 32 துளை ஹப்புக்கு 36 துளை ரிம் வாங்கி வந்து நிற்பவர்கள் உண்டு.

150 சிசிக்கு அந்த டயர்கள் அதிகம். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குள் நுழையாது, நுழைந்தாலும் என்ஜின் இழுக்காது. இருக்கும் பின் ரிம்மிலேயே, கட்டைகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் உள்ள டிரெயில் டயர் போதும். முன்னால் 21 அங்குலம் இருந்தால் முடிந்தபோது 19க்கோ 18க்கோ இறக்குங்கள். மெலிந்த உயரச் சக்கரம் வளைவில் மண்ணைக் கீறிக்கொண்டு போகும், நம்பிச் சாய முடியாது. காற்று 20 பிஎஸ்ஐயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றிப் பாருங்கள். டயர் ரிம்மில் நழுவி டியூப் வால்வைப் பிடுங்காமலிருக்க ரிம் லாக் அவசியம். பின் டயரின் இடது விளிம்பு மட்டும் தேயும். பக்கவாட்டில் திசைக்குறி இல்லையென்றால் கழற்றித் திருப்பிப் போட்டு இன்னொரு விளிம்பையும் பயன்படுத்தலாம்.

முட்டைப் பாதையில் வழக்கமாக முன் பிரேக் கிடையாது. காலிப்பர், டிஸ்க், குழாய், லீவர் எல்லாம் கழற்ற வேண்டும். வலப்பக்க வளைவும் தாவலும் உள்ள டிடி வகைப் பந்தயத்துக்கு மட்டும் முன் பிரேக் உண்டு. கழற்றிய பிறகு அந்த மோட்டார் சாலைக்கு வரக் கூடாது, தாமானுக்குள் ஒரு சுற்று என்றாலும் கூடாது. லோரியிலோ ஹைலக்ஸிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாலைக் காப்புறுதி பந்தயத்துக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழுச் சுமையும் பின் பிரேக்குக்கு வருவதால் அதன் ஆயில் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பழைய மோட்டார் வாங்கிய அன்றே முழு ஆயிலையும் வடித்துப் புது டாட் 4 ஊற்றுங்கள். பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் கொஞ்சம் வடித்துப் புதியதை விடுங்கள்.

சஸ்பென்ஷனைத் தாழ்த்த வேண்டும். மோட்டோகிராஸ் மோட்டாரில் ஃபோர்க்குக்குள் ஸ்பேசர் போட்டு 50 முதல் 75 எம்எம் வரை குறைப்பது வழக்கம், பின்னாலும் அதே அளவு. முன்னால் மட்டும் தாழ்த்திப் பின்னால் விட்டுவிட்டால் ஹேண்டில் நடுங்கும். ஃபோர்க்கை கிளாம்ப்பில் மேலே ஏற்றித் தாழ்த்துகிறவர்கள், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முழுதாக அமுக்கிப் பார்த்து, டயர் எதையும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். நீங்கள் உடையோடு உட்கார்ந்ததும் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சரி.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. அகலமான, பின்னோக்கி வளைந்த ஹேண்டில். கண்ணாடி, விளக்கு, ஸ்டாண்ட், சிக்னல் கழற்றல். மணிக்கட்டில் கட்டும் கயிற்றோடு என்ஜின் கட் ஆஃப் சுவிட்ச். இது இல்லாமல் பந்தயத்துக்கு முந்திய எந்தச் சோதனையிலும் தேறாது. ரேடியேட்டரில் கூலன்ட் வேண்டாம், வெறும் காய்ச்சி வடித்த நீர். பாதையில் கொட்டிய கூலன்ட் எண்ணெய்போல் வழுக்கும்.

இரும்புச் செருப்பு

இடது பூட்ஸின் அடியில் கட்டும் எஃகுத் தகடு இது. ரப்பர் அடிப்பாகம் மண்ணில் கவ்வினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், எஃகு சறுக்கிக்கொண்டு போகும். வெளிநாட்டிலிருந்து வாங்கலாம், ஆனால் கெப்போங், செகாம்புட் பக்கம் வெல்டிங் பட்டறை எதிலும் செய்துகொள்ளலாம். உங்கள் பூட்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் சரியாக வராது. 3 எம்எம் எஃகுத் தகட்டைப் பூட்ஸின் அடி வடிவத்துக்கு வெட்டி, விரல் பக்கம் பத்துப் பதினைந்து எம்எம் மேலே வளைத்து, விரலைக் கவிந்துகொள்ளும் ஒரு தொப்பியைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். முன்முனை வளையாமல் கூராக இருந்தால் மண்ணில் குத்தி நிற்கும், கணுக்கால் போய்விடும். தரையில் படும் பகுதியில் ஹார்டு ஃபேஸிங் வெல்டிங் குச்சியால் மூன்று நான்கு கோடு ஏற்றினால் பல மாதம் தேயாது. ஓரங்களை அரைத்து வழவழப்பாக்குங்கள். குதிகாலைச் சுற்றி இறுக்க பெல்ட், அதன்மேல் லோரி டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை. போட்டுக்கொண்டு சிமெண்டில் நடக்கும்போது கவனம். முதல் விழுகை பெரும்பாலும் லோரி ஏற்றுப்பலகையில்தான் நடக்கும்.

முழுமுக ஹெல்மெட், காகிள், முதுகுக் காப்பு, முழங்கால், முழங்கை, தோள் காப்பு, கையுறை, மோட்டோகிராஸ் பூட்ஸ். இதில் பூட்ஸும் ஹெல்மெட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

கியர் கணக்கு

ஒரு சுற்று முழுவதையும் ஒரே கியரில் ஓட்டுவதுதான் நோக்கம். பின் ஸ்ப்ராக்கெட் பல்லை முன் பல்லால் வகுங்கள். 14க்கு 48 என்றால் 3.43. முன்னால் ஒரு பல் குறைத்து 13க்கு 48 என்றால் 3.69. இதே விளைவைப் பின்னால் கொண்டுவர 51 அல்லது 52 பல் வேண்டும். அதாவது முன்னால் ஒரு பல், பின்னால் மூன்றரைப் பல்லுக்குச் சமம். பெரிய மாற்றத்தை முன்னாலும் சின்ன மாற்றத்தைப் பின்னாலும் செய்யுங்கள்.

நேர்ப்பாதை முடிவதற்கு முன்பே என்ஜின் உச்சத்தில் கத்தினால் விகிதத்தைக் குறைக்க வேண்டும். வளைவின் நடுவில் முறுக்கும்போது என்ஜின் திணறினால் கூட்ட வேண்டும். இரண்டும் நடந்தால், பல்லைத் தொடாதீர்கள், வளைவில் நீங்கள் வேகத்தை அதிகம் இழக்கிறீர்கள் என்று பொருள். செயின் தளர்ச்சியை ஒருவரை மேலே உட்காரவைத்து அளந்து பாருங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாக இருக்கும் செயின், தாழ்த்திய மோட்டாரில் ஆள் உட்கார்ந்ததும் கம்பியாக இறுகிவிடும்.

ஓட்டப் பழகுவது

உரிமையாளர் அனுமதித்த தட்டையான மண் தரை, இரண்டு கூம்பு, 25 மீட்டர் இடைவெளி. தோட்டத்துச் சாலை, காலி வீடமைப்பு நிலம் என்று கேட்காமல் நுழையாதீர்கள். காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்குப் பிறகு மழை வந்தால் செம்மண் சோப்பாகிவிடும், அன்றைக்கு முடிந்தது. பல நாள் காய்ந்தாலும் ஆபத்துதான், மேலே தூளும் அடியில் கல்லும் கிடக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்து அரைமணி நேரம் ஊறிய மண்தான் சரியான மண்.

இரண்டாவது கியரில், பிரேக் தொடாமல், மெதுவாக இடப்பக்கம் சுற்றுங்கள். முதலில் உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். இருக்கையின் வலது விளிம்புக்கு நகர்ந்து, உடல் எடையை வலது கால்மிதியில் வையுங்கள். மோட்டாரை உங்களுக்கு அடியில் இடப்பக்கம் தள்ளிச் சாயுங்கள், நீங்கள் நிமிர்ந்தே இருங்கள். வலது முழங்கை மேலே தூக்கியிருக்கட்டும். தார்ச்சாலைப் பழக்கத்தில் உடம்பையும் சேர்த்து உள்ளே சாய்ப்பவர்களுக்கு இதுதான் பிடிபடாது. முன்சக்கரம் அவர்களை விட்டு நழுவிப் போகும்.

இடது கால் முன்னால், முழங்கால் மடங்கி, பாதம் தட்டையாக. எடையைக் காலில் ஏற்றாதீர்கள், அது தரையைத் தடவிக்கொண்டு வந்தால் போதும். கால் பின்னால் போய்விட்டால் மோட்டாருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

இது இயல்பாக வந்த பிறகு வேகம். கூம்புக்கு முன் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு, பின் பிரேக்கைத் தொட்டு, மோட்டாரைச் சாய்த்து, பின்சக்கரம் வெளியே வரத் தொடங்கியதும் பிரேக்கை விட்டு மெதுவாக முறுக்குங்கள். சறுக்கல் பயமுறுத்தும் போது கை தானாக ஆக்சிலேட்டரை முழுதாக மூடும். அப்போதுதான் டயர் கவ்வி உங்களைத் தூக்கி எறியும். பாதி குறைத்துப் பிடித்திருங்கள். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும்.

பத்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் நிழலில் தண்ணீர். இந்த வெயிலில் முழு உடையோடு அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் கற்றுக்கொள்வது எதுவும் மண்டையில் நிற்காது.

பந்தய நாள்

விதிகளை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்: எந்த வகுப்பு, எந்த டயர், முன் பிரேக் எப்படி. சோதனையில் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் அற்பக் காரணங்களுக்குத்தான். ஹேண்டில் முனையில் அடைப்பு இல்லை, லீவர் நுனி உடைந்து கூராக இருக்கிறது, ஆக்சிலேட்டர் விட்டதும் தானாக மூடவில்லை, ஆயில் வடிகால் போல்ட்டில் கம்பி கட்டவில்லை. முந்தின இரவே பார்த்துவிடுங்கள். கூடவே உதிரி கிளட்ச் லீவர், ஸ்பார்க் பிளக், டியூப், முன் ஸ்ப்ராக்கெட் ஒரு பல் கூடவும் குறையவும், கேபிள் டை, கம்பி.

ஓட்டுநர் கூட்டத்தில் கொடிகளைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். முதல் பந்தயத்தில் கடைசி வரிசை கிடைத்தால் நல்லது. முதல் வளைவில் எல்லாரும் உள்பக்கம் குவிவார்கள். நீங்கள் அகலமாக வெளியே எடுத்து, உள்ளே தாமதமாகத் திரும்புங்கள். எடுத்த கோட்டிலேயே ஓடுங்கள், பின்னால் வருகிறவர் உங்களைச் சுற்றிப் போய்க்கொள்வார். விழுந்தால் எழுந்து உள்பக்கம் ஓடுங்கள், மோட்டாரைத் தூக்குவது பிறகு. பாதையிலிருந்து விலகும்போது கையை உயர்த்திக் காட்டிவிட்டு விலகுங்கள். பிட்டுக்குள் வரும்போது முன் பிரேக் இல்லை என்பது மறந்து போகும். நடை வேகத்தில் வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

ஏர் ஃபில்டரை அன்றைக்கே கழற்றிக் கழுவி, காயவைத்து, ஃபில்டர் ஆயில் பிசைந்து போடுங்கள். கழற்றியதும் கார்புரேட்டருக்குப் போகும் துளையைத் துணியால் அடையுங்கள். பிரஷர் பம்பால் மோட்டாரைக் கழுவலாம், ஆனால் சக்கர பேரிங், கழுத்து, லிங்க் பக்கம் நேராகப் பாய்ச்சாதீர்கள். தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போனால் இரண்டு மாதத்தில் துரு. 450க்கு ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்றுங்கள். பழைய சிஆர்எஃப் 450ஆரில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி ஆயில், இரண்டையும் மாற்ற வேண்டும். 150க்கு இரண்டு மூன்று பயிற்சி நாளுக்கு ஒருமுறை போதும். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி மினுக்கினால் கவலையில்லை, நகத்தில் எடுக்க முடிகிற துண்டு இருந்தால் ஓட்டாதீர்கள்.

புது ஸ்போக் போட்ட சக்கரம் முதல் நாளிலேயே தளரும். முதல் மூன்று பயிற்சிக்கும் பிறகு ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிப் பார்த்து, தளர்ந்ததைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். பெட்ரோல் டேங்கின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஓடிய மணி நேரம், ஆயில் மாற்றிய தேதி, அன்று போட்டிருந்த ஸ்ப்ராக்கெட், டயர் காற்று எல்லாவற்றையும் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.